அச்சகச் சந்தின் இரண்டு படங்கள்

தேடல் பெட்டியில் "பேக்கரிக்குப் பின்னாடி வளையுற குழாய்" என்று பெரியவரின் தம்பி மகள் தட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த குடிநீர் வாரியப் பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முடிப்பதற்குள் வரைபடம் திரையில் வந்து நின்றது. ஜன்னலோர நாற்காலியில் முதுகு சாயாமல் அமர்ந்திருந்த பெரியவர் சிரிக்கவில்லை. சிரித்தால், வருமோ வராதோ என்று தவித்துக்கொண்டிருந்ததாக ஆகிவிடும்.

நிலத்தையும் நிலத்தடிக் குழாய்களையும் அளந்து வரைந்து கொடுக்கும் அலுவலகம் அது. அவருடைய அப்பா தொடங்கியது, அவரும் தம்பியும் நடத்தியது. தம்பி இறந்த பிறகு அவன் மகள் பொறுப்பேற்று நாற்பதாயிரம் படங்களையும் கணினியில் ஏற்றினாள். ஏற்றியதோடு விட்டிருந்தால் பரணிலிருந்த குப்பை கணினிக்குள் போயிருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு படத்தின் முறையான பெயருக்கும் கீழே, அதைத் தேடி வருகிறவன் வாயில் என்ன வார்த்தை வருமோ அதையும் எழுதியாக வேண்டும் என்று அவள் சட்டம் போட்டாள். அதற்காக ஒரு மாதம் குழாய் பழுதுபார்ப்பவர்கள் பின்னாலேயே அலைந்து, எந்த இடத்தை அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று நோட்டில் குறித்துவந்தாள். கண்டவன் பேச்சையெல்லாம் நம் படத்துக்கு அடியில் எழுதுவதா என்று பெரியவர் குதித்தார். பல வருடமாகக் காணாமல் போயிருந்த ஒரு படத்தை "மொட்டைச் சுவர்" என்று தட்டித் தானே எடுத்த நாளிலிருந்து அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

இன்று சோதனை. பொறியாளர் கேட்கும் ஐந்து இடங்களுக்கும் படம் வந்துவிட்டால், இனி ஊரில் எங்கே தோண்டினாலும் இந்த அலுவலகத்தின் படத்தைப் பார்த்துத்தான் தோண்ட வேண்டும் என்று வாரியம் உத்தரவு போடும். வாசலில் அப்பா மாட்டிய பெயர்ப்பலகைக்கு அதைவிட என்ன மரியாதை வேண்டும்? நான்கு இடங்கள் முடிந்திருந்தன.

"என் மூக்குக்கண்ணாடி எங்கன்னு கேட்டா சொல்லுமா?" என்றார் பொறியாளர்.

"அதுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம் சார். உங்க தலை மேல இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியை இறக்கிக் கடைசி இடத்தைக் கேட்டார். அச்சகச் சந்து. நாளைக் காலை அங்கே மின்கேபிள் புதைக்க இயந்திரம் வருகிறது. ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது?

படம் வந்தது. குழாய் இடது சுவரை ஒட்டி நேராகப் போயிற்று. மூலையில் தம்பியின் கையெழுத்து.

"எங்கப்பா போட்டது சார்," என்றாள் அவள். குரலில் பெருமை. "வலது பக்கம் நீங்க தைரியமாத் தோண்டலாம்."

பெரியவருக்கு உண்மை தெரியும். குழாய் வலது பக்கம்தான் ஓடுகிறது. தெற்கு முனையிலிருந்து அளந்த குறிப்பை வடக்கு முனையிலிருந்து அளந்ததாக நினைத்துத் தம்பி வரைந்துவிட்டான். இடம் வலமாகிவிட்டது. ஒரே மாதத்தில் அவனே கண்டுபிடித்து, புதுப் படம் வரைந்து எடுத்து வந்தான். இந்த அலுவலகத்திலிருந்து திருத்தம் என்று ஒரு காகிதம் வெளியே போனதில்லை, போகவும் போகாது என்று அண்ணன் சொன்னார். தம்பி படத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அதைக் கிழித்துப் போடவும் அவருக்குக் கை வரவில்லை. அளந்து வரைந்த எதையும் கிழிக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. படங்களைக் கணினியில் ஏற்றியபோது இதை மட்டும் தானே ஏற்றி, யாரும் தேட மாட்டாத ஒரு பெயரை வைத்தார்.

பொறியாளர் நோட்டை மூடி எழுந்து, அஞ்சுக்கு அஞ்சு என்று கையை நீட்டினார். பெரியவரும் எழுந்தார். நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.

"அந்தப் படம் தப்பு சார். குழாய் வலது பக்கம்."

"பெரியப்பா." அவள் குரல் கூர்மையானது. "அது அப்பா போட்ட படம்."

"உங்கப்பா ரெண்டு படம் போட்டான்மா. 'பழைய நாற்காலி ரசீது'ன்னு தட்டு."

தட்டினாள். அதே சந்து, வலது சுவரை ஒட்டிக் குழாய். மேலே சிவப்பு மையில் 'திருத்தம்' என்று தம்பியின் கையெழுத்து. அவள் அந்தச் சிவப்பு எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வீட்டுக்கு நேர்வழி இருக்கும்போது அப்பா தினமும் ஏன், யாராவது தோண்டுகிறார்களா என்று பார்த்தபடி, அந்தச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இதுக்கு நாற்காலின்னு பேர் வச்சது யாரு?"

"நான்தான். அவன் திருத்திக் கொடுத்தான், நான் வெளிய விடல. குடும்ப மானம்னு நெனச்சேன்."

"யாரோட மானம் பெரியப்பா?"

காலையில் கையால் ஒரு குழி தோண்டிப் பார்த்த பிறகுதான் உத்தரவைப் பற்றிப் பேச முடியும் என்றார் பொறியாளர். அதுதான் முறை என்று பெரியவரும் ஒப்புக்கொண்டார்.

பொறியாளர் போனதும், திருத்திய படத்தை முறையாகப் பதிவதற்காக, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதைப் போல அவள் பெரியவரிடம் விவரம் கேட்டாள். சந்தின் பெயர், ஆட்கள் அதை எப்படிச் சொல்வார்கள், அளந்த தேதி. அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?"

"என் பேரைப் போடு. சுருக்காம முழுசாப் போடு."

அவள் தட்டினாள். எழுத்து எழுத்தாக அவர் பெயர் திரையில் ஏறுவதைப் பார்த்தபடி பெரியவர் அசையாமல் நின்றார்.

மறுநாள் காலை சந்தின் வலது ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். வழியில் நின்ற சைக்கிளை ஒருவர் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். தொழிலாளி குனிந்து மண்வெட்டியால் முதல் கொத்து கொத்தினார். ஈர மண் வந்தது. தம்பி மகள் அப்பாவின் திருத்திய படத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள். காற்றில் அதன் ஒரு முனை மடங்கியது. பெரியவர் ஒரு விரலால் அதை அழுத்திப் பிடித்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, காகிதத்தை விலக்கிக்கொள்ளவும் இல்லை. குழி முழங்கால் ஆழத்துக்குப் போயிருந்தது.