நூற்றியிருபதுக்கு எண்பது

ஊராட்சி அலுவலக முகாமில் நர்ஸ் நசீம் பானு அன்புசெல்வனின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தபோது, பாதரசத் துளி ஒன்று குழாயின் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியேறி, சுவரில் ஏறி, காலண்டருக்கு ஒரு சாண் மேலே நின்றது. அன்று கும்மிடிப்பூண்டியில் தக்காளி கிலோ முப்பது ரூபாய். துளி இறங்கவில்லை.

கேள்விப்பட்டு வந்து ரத்தம் எடுத்துப் போன ஆராய்ச்சிக்காரர்கள் ஆறு மாதம் கழித்து வந்து, ஊரை உண்டாக்கிய குடும்பத்தில் உப்பைப் பிடித்துவைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும் மரபணு ஒன்று ஓடுகிறது, ஆனால் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத்தான் இறங்கும் என்றார்கள். முன்பாதியை ஊர் காதில் வாங்கியது. பின்பாதியின்போது டீ வந்துவிட்டது.

அன்புசெல்வனின் பெரியப்பா மகன் அரசப்பனுக்கு நூற்றியிருபதுக்கு எண்பது. இருபது ஆடியாக அம்மன் கோயிலில் முதல் கூழ்க்குடம் தூக்கியவர் அவர்தான். ஊரை உண்டாக்கியவர் ரத்தம் ஓடாத உடம்புக்குக் குடம் எதற்கு என்று ஊர் கூடி அதைத் தம்பி அன்புசெல்வனுக்குக் கொடுத்துவிட்டது.

அரசப்பன் விடவில்லை. மூன்று வேளையும் கருவாடு, ஊறுகாய். நடப்பதை நிறுத்தினார். சிப்காட் லாரிகள் ஹாரன் அடிக்கும் முக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காக்களூர் ஆஸ்பத்திரி வரை போய்ப் பார்த்தும் அதே நூற்றியிருபது.

"பெரியவரே, உங்களுக்கு எளவட்டப் புள்ள ரத்தம். சந்தோஷமா ஊட்டுக்குப் போங்க," என்றாள் நசீம் பானு.

"ஏம்மா, நாலு பேரு எதிர்ல இப்டி அசிங்கப்படுத்துற?"

"சீக்கு வர்லன்னு அழுவுற ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா," என்றாள் மனைவி கங்கம்மா.

ஆடி ஞாயிறன்று தம்பி பட்டு வேட்டி கட்டி, பிறந்ததிலிருந்தே தூக்கியவர்போல முதல் குடத்தைத் தூக்கினார். பார்த்துக்கொண்டிருந்த அரசப்பனின் காதுக்குள் மோட்டார் ஓட ஆரம்பித்தது. மறுநாளும் அது ஓடிக்கொண்டிருக்க, நசீம் பானுவிடம் போய்க் கையை நீட்டினார். இரண்டாவது துளி கிளம்பிச் சுவரேறி, தம்பியின் துளிக்கு நாலு விரல் கீழே நின்றது. அரசப்பன் ஆனந்தத்தில் அழுதார். பிறகு அந்த நாலு விரலைப் பார்த்து வேறு மாதிரி அழுதார்.

இப்போது ஆடி பிறந்ததும் ஊர் ஏணி போட்டு, டேப் பிடித்து அளக்கிறது. எவர் துளி உயரமோ அவருக்கு முதல் குடம். இருவர் ரத்தமும் ஏறி இறங்க, துளிகளும் ஏறி இறங்குகின்றன. வெள்ளையடிப்பவர்கள் அவற்றைச் சுற்றி அடித்துவிட்டுப் போகிறார்கள். அரசப்பன் தன் பிரஷர் மாத்திரையைத் தொடுவதில்லை. தம்பியின் மாத்திரையை மட்டும் தினமும் விடிந்ததும் தானே கொண்டுபோய், தண்ணீர் கொடுத்து, "வாயத் தொற நைனா, நாக்கத் தூக்கு," என்று உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான் நாஷ்டாவுக்கு உட்காருகிறார்.

அண்ணன் தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்கிறது ஊர்.