இருபத்திரண்டு இறாத்தல்

1929ஆம் ஆண்டு ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் மஹ்மூத் நானாவின் கடையிலிருந்த பதினொரு வெறும் பைகளும், ஒவ்வொன்றாக அங்கம்மாவின் தோளில் ஏறியவுடன், தலா இருபத்திரண்டு இறாத்தல் கனத்தன. மற்றபடி, அந்த வாரம் அரிசி விலையில்கூட மாற்றம் இல்லை. கெலிஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் அங்கம்மா. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போக லேசான பை ஒன்று தேடி, புருஷன் கறுப்பையாவோடு வந்திருந்தாள். தன் சரக்கைக் குறை சொன்னால் நானாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “உள்ளுக்கு ஒண்டுமே இல்லையே தங்கச்சி!” என்று பையைக் கவிழ்த்து உதறிக் காட்டினார். பிறகு, கொக்கோ மூட்டை நிறுக்கும் தராசில் அவளைப் பையோடு ஒரு தரமும் பையில்லாமல் ஒரு தரமும் ஏற்றிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அங்கம்மாவுக்குத் தராசு வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷம் கூடை சுமந்த முதுகு, கணக்கப்பிள்ளை வாய் திறக்குமுன்னே எடையைச் சொல்லிவிடும். அது சின்னமுத்துவின் எடை. அவளுடைய ஒரே மகன். முந்தின ஐப்பசியில் காய்ச்சலில் போனபோது அவனுக்கு மூன்று வயது நிறைந்திருக்கவில்லை. கைக்குழந்தையாக அவன் ஒருமுறை நோயில் கிடந்தபோது, பிழைத்தால் தூக்கிக்கொண்டே கதிர்காமம் நடந்து வருவதாக அவள் நேர்ந்திருந்தாள். பிழைத்தான். புறப்படவேண்டிய ஆடியில் கறுப்பையாதான் தடுத்தான். அடுத்த வருஷம் பயல் பாதி வழி தானே நடப்பான், உனக்கும் தோள் நோகாது என்றான். பெண்டாட்டி மேலிருந்த பாசத்தில் சொன்னதுதான். அந்தப் பாவி மனுஷனை யார் குறை சொல்ல முடியும்?

பன்னிரண்டாவதாக நானா எடுத்துக் கொடுத்ததும் அதே கனம்தான். அதுவும் இடது தோள் பக்கம், தூங்கும் பிள்ளை சாய்வதுபோலச் சாய்ந்தது. அதன்பிறகு அங்கம்மா லேசான பை கேட்கவில்லை. “வாய் அகலமா ஒண்ணு குடுங்க நானா. மூச்சு முட்டும்,” என்றாள். அடியைத் தொட்டுப் பார்த்து, “இது முரடா இருக்கு, துடையில உரசும்,” என்று ஒன்றைத் தள்ளினாள். கடைசியில் பட்டாளத்தார் விட்டுப்போன கித்தான் பை ஒன்றைப் பிடித்துப்போயிற்று. நானா அதன் அடியில் மெத்தென்ற புளனல் துணி வைத்துத் தைத்தார். கறுப்பையாவும் ஆசையாக வாங்கித் தோளில் மாட்டிப் பார்த்தான். அவனுக்கு அது வெறும் பையாகவே இருந்தது. கடைவாசலில் குந்தி, போகிறவர் வருகிறவர் பார்க்க, வாய்விட்டு அழுதான்.

அந்த ஆடியில் அங்கம்மா நேர்த்தியை முடித்தாள். முடித்தும் பை காலியாகவில்லை. அடுத்த ஆனியில் தோளில் போட்டபோது இருபத்தாறு இறாத்தல் இருந்தது. அதற்கடுத்த வருஷம் முப்பத்தொன்று. பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தான். வருஷா வருஷம் இருவரும் புறப்படுமுன் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து நிறுத்துப் பார்ப்பார்கள். நானா வாரைத் தளர்த்தி ஒரு துளை தள்ளிப் பூட்டிவிட்டு, “வயசுக்கு ஏத்த வளத்திதான்” என்பார். கூட நடக்கிற தோட்டத்துச் சனமும் கஞ்சி குடிக்கும்போது பைக்கு நிழல் விட்டு உட்காரப் பழகிக்கொண்டது. கறுப்பையா மட்டும் எப்போதும் பத்தடி முன்னால், திரும்பிப் பாராமல் நடந்தான்.

1934இல் பை நாற்பத்தாறு இறாத்தல். றம்பொடை ஏற்றத்தில் அங்கம்மாவின் கால் மடங்கியது. எழ முடியவில்லை. வார் வெட்டிய தோளில் இரத்தம் கசிந்தது. “எறக்கி வையி, அங்கம்மா. போதும்,” என்றான் கறுப்பையா. “ஒருக்கா எறக்கி மண்ணுல வச்சாச்சு. இன்னொருக்கா வைக்கமாட்டேன்,” என்றாள். அவள் பல்லைக் கடித்து ஊன்றி எழுந்தபோது, கனம் வழுக்கிக்கொண்டு முதுகைவிட்டு இறங்கியது. பை காற்றில் ஆடியது. அங்கம்மா போட்ட அலறலில் முன்னே போன கூட்டமெல்லாம் திரும்பி ஓடிவந்தது.

கறுப்பையா அசையவில்லை. அவனுடைய இடது கைச் சுண்டுவிரல், யாரோ பற்றி இழுத்ததுபோல, கீழே வளைந்திருந்தது. ஐந்து வருஷமாக வெறும் பையை மட்டுமே அறிந்தவன், குனிந்து பார்க்கப் பயந்து, நேரே ரோட்டைப் பார்த்தபடி ஓரடி வைத்தான். நின்றான். இன்னும் சின்னதாக ஓரடி வைத்தான்.

“வெரசா நடக்காத, அங்கம்மா,” என்றான். “அவனுக்குக் காலு சின்னது.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மற்றப் பக்கத்தில் வந்து சேர்ந்தாள், நடுவில் ஓராள் இடம் விட்டு. அந்த வருஷம் கூட்டம் கதிர்காமத்துக்கு இரண்டு நாள் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது.