கார்னயோக்கிக்கு ஒரு சின்னம்

கார்னயோக்கி ஊராட்சி மன்ற வாசலில் பஸ் ஹாரன் இரண்டு முறை அலறியது. உள்ளே காபிக் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்த உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஊருக்குச் சின்னம் வரைய ஹெல்சிங்கி ஓவியர் நாளைக்குத்தான் வருவார் என்று நினைத்திருந்தார்கள். அவரோ கக்கத்தில் ஒரு பெரிய அட்டைப் பையோடு இன்றைக்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

போர் முடிந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. நாட்டிலுள்ள ஊராட்சிகள் எல்லாம் தங்களுக்கென்று ஒரு கேடயச் சின்னம் வரைந்துகொண்டிருந்தன. பக்கத்து ஊரான ரவுத்தலஹ்தி போன வருஷமே ஒரு கரடியைப் பிடித்துக்கொண்டு, அதைச் சாலையோரப் பலகையில் எழுப்பி நிறுத்திவிட்டது. கார்னயோக்கிக்காரர்கள் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கரடியைக் கடந்துதான் போகவேண்டும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சைமி பெர்சினன் எழுந்து ஓவியருக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள். அவளும் மன்ற உறுப்பினர்தான். போரில் எல்லை மாறி, கிழக்கே இருந்த கரேலியா பகுதி அந்நிய நாட்டின் கைக்குப் போனபோது, மாடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தே இங்கே வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தி. இங்கேயே நிலம் கிடைத்தது; பிள்ளைகள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள். ஆனாலும் கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், 'அந்தப் பக்கத்துலேர்ந்து வந்த அம்மா' என்றுதான் அவளை அறிமுகப்படுத்துவார்கள். அதில் வெறுப்பு ஏதும் கிடையாது. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்தும். இந்தச் சின்னம் மற்றவர்களுக்குக் கௌரவப் பிரச்சினை. அவளுக்கோ, அதில் தன் ஆட்களுக்கும் ஓர் ஓரத்தில் இடம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

மூலையில் நெஸ்தோரி யுலித்தலோ கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஏரிக்கரை வயலைத்தான் அரசாங்கம் பிரித்து சைமிக்குக் கொடுத்திருந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே ஒரு வேலியும் தலையசைப்பும் மட்டும்தான். பேச்சு கிடையாது. கோபம்தான் என்று சைமி முடிவு கட்டியிருந்தாள். அவருக்கு ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஓவியர் அட்டைப் பையைப் பிரித்துத் தாளை விரித்தார்.

"உங்க ஊரைப் பத்திப் பெருமையா நாலு வார்த்தை சொல்லுங்க. சாயங்கால பஸ்ஸுல நான் திரும்பணும்."

சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் துணியில்லாமல் ஊரோடு சேர்ந்து உட்காரக் கூசாதவர்கள், தங்களைத் தாங்களே புகழச் சொன்னதும் கூனிக் குறுகிப் போனார்கள். தலைவர் குஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, மண் முழுக்கக் கல் என்றார். கோடை நடுவில் உறைபனி விழுந்து பார்லி கருகும் என்றார் இன்னொருவர். ரயில் ஏன் இந்தப் பக்கம் வரவில்லை என்று ஓவியர் கேட்டதற்கு, தண்டவாளம் போட வந்தவர்களைத் தங்கள் தாத்தாமார்தான் மாடு மிரளும் என்று திருப்பி அனுப்பினார்கள் என்று மளிகைக்கடை ஆர்த்துரி ஒளிக்காமல் சொன்னார்.

"உறைபனியை நான் எப்படிங்க வரையறது?" என்றார் ஓவியர்.

விலாங்கு மீன் வேண்டும் என்றார்கள். சுற்றுவட்டாரத்தில் பாதி ஊர்களில் மீன்தான். கடைசியில் தார்ப் பீப்பாய் என்று பேச்சு நின்றது. பைன் மரத்தை மூட்டம் போட்டுத் தார் இறக்கிப் படகில் அனுப்பிய பழைய காலம். ஒவ்வொரு கையாக உயர ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் சைமியின் ஆட்கள் யாரும் இங்கே இல்லை. அவள் காபிப் பானையை மேஜைமேல் வைத்தாள்.

"நான் ஒண்ணு சொல்லலாமா? நாங்க மாட்டோட வந்த அன்னிக்கு நல்ல மழை. கறந்து ரெண்டு நாளாச்சு. மடி கட்டிப்போய் மாடெல்லாம் கத்துது. மேட்டுல ஏறுறோம், கீழே இந்த ஊரு. கதவைச் சாத்திக்குவாங்கன்னு நினைச்சேன். சனங்க எல்லாம் வாளியைத் தூக்கிட்டு ஏறி வந்தாங்க. வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. யார் மாடுன்னு ஒரு கேள்வி இல்ல. சேத்துல உக்காந்து கறந்தாங்க. என் மாடு மான்சிக்கி வேத்து ஆளைக் கிட்டயே விடாது. அதையும் யாரோ கறந்து, நிறைஞ்ச வாளியை என் பிள்ளைங்க பக்கத்துல வச்சிட்டுப் போயிட்டாங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

எல்லோரும் அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அது ஒண்ணுமில்லம்மா. மாடு வலியில கத்துச்சு, போய்க் கறந்தோம். யாரா இருந்தாலும் செய்வாங்க" என்றார் குஸ்தா.

"யாரும் செய்யலண்ணே. வழியெல்லாம் காபி குடுத்தாங்க, ஆறுதல் சொன்னாங்க. மாட்டைப் பத்தி யோசிச்சது நீங்க மட்டும்தான்."

ஓவியரின் பென்சில் ஏற்கனவே ஓட ஆரம்பித்திருந்தது. நீலக் கேடயத்தில் வெள்ளையாக ஒரு பால் வாளி. பார்க்கப் பார்க்க அது அங்கேயே பிறந்த மாதிரி இருந்தது. குஸ்தாவுக்கு மட்டும் ஒரு கவலை: கரடிக்குப் பக்கத்தில் வாளியா, ரவுத்தலஹ்திக்காரன் சிரிக்கமாட்டானா?

"சிரிக்கட்டும்" என்றார் ஆர்த்துரி. "அவங்க கரடியக் கறந்து காட்டச் சொல்லுங்க."

அந்த அறையில் சிரிப்பு அபூர்வம். அது அடங்குவதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன. முதுகுகள் நிமிர்ந்திருந்ததை சைமி பார்த்தாள். தார்ப் பீப்பாய்க்கு யாரும் அப்படி நிமிரவில்லை.

ஒரு கை மட்டும் உயரவில்லை. நெஸ்தோரி கட்டிய கையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். வயல் போன ஆத்திரத்தை இங்கே காட்டப்போகிறார், சபை நடுவே தன்னை வெளியாள் என்று சொல்லப்போகிறார் என்று சைமி நினைத்தாள்.

அவர் எழுந்தார். காலை இழுத்துக்கொண்டு மேஜைக்கு வந்து, படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, வாளியின் அடிப்பக்கத்தில் தடித்த விரலை வைத்தார்.

"வாளி இவ்வளவு வழவழன்னு இருக்காது தம்பி, இங்க ஒரு நசுங்கல் போடுங்க, நம்ம சைமியோட மான்சிக்கி என் முட்டியையும் சேத்து உதைச்ச இடம் அது."