கொள்கை அளவில் திறந்த கேட்

1

இந்தக் கதை ஒரு பெயர்ப்பலகையிலிருந்து பிறந்தது. ஒட்டு மாங்கன்று வாங்கப் போன ஒரு கல்லூரி வளாகத்தில் ‘சேவைப் பிரிவுகள்’ என்று பலகை நின்றது. பண்ணைப் பிரிவு, எஸ்டேட் அலுவலகம், விடுதி, நூலகம், வாகனப் பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி. கடைசி வரியில் ‘குறைதீர்க்கும் குழு’. அதற்கான அம்புக்குறி ஆணி கழன்று வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். அந்தப் பலகைக்கும் இனி வரப்போவதற்கும் சம்பந்தமில்லை. பெரியகுளத்தில் இருக்கும் கல்லூரியும் இல்லை. இது சின்னமனூரைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நானே கட்டிய வேளாண் கல்லூரி. கட்டட அனுமதி வாங்கவில்லை. [வாங்கியிருந்தால் நீங்கள் இப்போது அஸ்திவாரத்தைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.]

2

முதல் தொடக்கம்: “மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், பச்சைப் பட்டு உடுத்திய கம்பம் பள்ளத்தாக்கில்—”

வேண்டாம். இது கல்லூரிக் கையேட்டின் முதல் பக்கம்.

இரண்டாவது: “முதல்வர் முனைவர் வைகுண்டராஜ் தன் நாற்காலியில் விரித்திருந்த வெள்ளைத் துண்டின் மீது—”

அந்தத் துண்டைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். வியர்க்காத அறையில், வியர்க்காத வேலைக்கு, தினமும் ஒரு சலவைத் துண்டு. போதும்.

மூன்றாவது: “குறைதீர்க்கும் குழுவுக்கு ஐந்து வருஷமாக ஒரு குறைகூட வரவில்லை.”

இது நிற்கும்.

3

வைகுண்டராஜ் அந்தப் பூஜ்யத்தை நினைத்துப் பெருமைப்பட்டிருந்தார். அங்கீகாரம் தரும் குழு வியாழக்கிழமை டெல்லியிலிருந்து வரவிருந்தது. அதற்கான கூட்டத்தில், “குறைகள்: பூஜ்யம்” என்று வாசித்துவிட்டு, கைதட்டலுக்கு இடம் விட்டு நிமிர்ந்தார். கைதட்டல் வரவில்லை. ஜோஷ்வாதான் பேசினான். மதுரையிலிருந்து வரவழைத்த ஆலோசகன். கழுத்தில் இரண்டு அடையாள அட்டை.

குறையே இல்லை என்றால் குழு வேலை செய்யவில்லை என்றுதான் டெல்லிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், மார்க் கிடையாது என்றான். குறைந்தது ஒரு குறையாவது வந்திருக்க வேண்டும், விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும், தீர்ந்திருக்க வேண்டும்.

வைகுண்டராஜ் குழுவின் ஒருங்கிணைப்பாளர் ஆண்டனி ராஜைப் பார்த்தார். ஆண்டனி ராஜ் தாவர நோயியல் பேராசிரியர். வாழை இலையில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால் சந்தோஷப்படுகிறவர். மனிதர்களிடம் நோய் தேடிப் பழக்கமில்லை.

“வியாழக்கிழமைக்குள்ள ஒரு குறை வேணும், ஆண்டனி. தீர்ந்த குறையா இருக்கட்டும்.”

அவர் தேடினார். பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்கள் தங்களுக்குக் குறை இல்லை என்றார்கள். பதவி உயர்ந்தவர்களுக்கு நிஜமாகவே குறை இல்லை. மாணவர்களிடம் போனார், ஒன்று கேட்டதற்கு விடுதித் தண்ணீர், வைஃபை, வார்டன், சாம்பார்* என்று கொட்டினார்கள். எதையும் வியாழனுக்குள் தீர்க்க முடியாது.

*சாம்பாரைப் பற்றித் தனிக் கதை எழுதலாம். அதுவும் நீர்த்துத்தான் போகும்.

4

இனி மதலேனாள் வர வேண்டும். இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது.

விடுதிச் சமையல்கட்டில் ஒப்பந்தத்தில் வேலை செய்கிற பெண். பக்கத்துச் சம்மனசுபுரத்துக்காரர். [ஊரும் என் கற்பனைதான், பாதர் யாரும் கோபிக்க வேண்டாம்.] இப்படி ஒருவரை உள்ளே விட்டாலே கதை அவர் வாயில் ஞானத்தைத் திணிக்கப் பார்க்கும். படித்தவர்கள் தலைகுனிவார்கள், வாசகருக்குக் கண் கலங்கும், எனக்கு எங்காவது ஒரு பொன்னாடை கிடைக்கும்.

ஆகவே சொல்லிவிடுகிறேன்: மதலேனாளிடம் ஞானம் கிடையாது. முட்டி வலி இருக்கிறது. அது வந்த விதம் இது.

வளாகத்துக்குப் பின்னால் ஒரு கேட். அது திறந்திருந்த காலத்தில், வீட்டு அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினால் அந்தச் சூடு ஆறுவதற்குள் விடுதி அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். கேட்டைப் பூட்டிய பிறகு, விடிவதற்கு முன்னால் குமுளி ரோட்டில் சுற்றி நடக்க வேண்டியதாயிற்று. கார்த்திகையில் ஐயப்பன் வேன்கள் போகிற வேகம் உங்களுக்குத் தெரியும். ஒன்று உரசிவிட்டுப் போனது. முட்டி வீங்கியது, நடை மெதுவானது, வேலைக்கு வரத் தாமதமானது. இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று ஒப்பந்தக்காரர் ஒச்சாண்டி சொல்லிவிட்டார்.

கேட் திறந்தால் வேலை இருக்கும். திறக்காவிட்டால் போகும். கதையில் வேறெதுவும் முக்கியமில்லை. நான் இடையில் என்ன ஆட்டம் காட்டினாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

5

ஆண்டனி ராஜ் சமையல்கட்டு வாசலில் நின்று, “ஏதாச்சும் குறை இருக்காம்மா?” என்றார்.

குறை என்ற சொல்லில்தான் வில்லங்கம். நம் ஊரில் அது கல்யாணப் பந்தியில் கேட்கிற கேள்வி. அதற்கு ஒரே பதில்தான் உண்டு. மதலேனாளும் மரியாதை தெரிந்தவர்.

“ஒரு குறையும் இல்ல சார். நல்லாப் பாத்துக்கிறாக.”

“அப்பிடிச் சொல்லிராதீங்கம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.”

“சொன்னா என்னயத் தூக்கிருவாக.”

“சொல்லலைன்னா என்னயத் தூக்கிருவாக.”

மதலேனாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பெரிய படிப்புப் படித்தவருக்கும் தனக்கும் ஒரே கதி என்பது அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு, “அப்பப் பின்கேட்டத் தொறந்து விடச் சொல்லுங்க” என்றார்.

ஆண்டனி ராஜுக்கு வாழையில் புதுப் புள்ளி கண்ட முகம். சின்னக் குறை. பெண்ணின் குறை. பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, பக்கத்து ஊர் சம்பந்தப்பட்டது. ஒரே குறைக்கு மூன்று தலைப்பில் மார்க்.

6

அந்தக் கேட்டில் இரண்டு பூட்டு.

ஊர் மாடுகள் ஒருநாள் பண்ணைப் பிரிவின் ஆராய்ச்சித் திராட்சைக்குள் புகுந்து, ஆராய்ச்சியைத் தின்று முடித்தன. பண்ணை மேலாளர் வீரபாண்டி ஒரு பூட்டுப் போட்டார். எஸ்டேட் அலுவலர் ஜேசுராஜுக்கு ரோஷம் வந்தது. கேட்டின் இரும்பு எஸ்டேட்டுக்குச் சொந்தம். அதைப் பூட்டப் பண்ணைக்கு என்ன அதிகாரம்? கேட் நிற்கிற மண் பண்ணையுடையது என்றார் வீரபாண்டி. ஜேசுராஜ் அதற்குக் கடிதம் எழுதவில்லை. தன் பங்குக்கு ஒரு பூட்டைப் போட்டார்.

அதிலிருந்து, அவர் திறந்தால் நான் திறக்கிறேன் என்று இவரும், இவர் திறந்தால் நான் திறக்கிறேன் என்று அவரும் சொல்லி வந்தார்கள். இருவரும் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். ஊறுகாயைப் பகிர்ந்துகொள்வார்கள். சாவி வேறு விஷயம்.

7

நிர்வாகக் குழு கூடியது. பஜ்ஜி வந்தது, தீர்மானமும் வந்தது. தீர்மானத்தை அப்படியே தருகிறேன். இதைவிட நன்றாக எனக்கு எழுத வராது:

“பின்வாயில் குறித்துத் திறந்த மனத்துடன் விவாதிக்கப்பட்டது. பண்ணைப் பிரிவு, எஸ்டேட் அலுவலகம் ஆகியவற்றின் உரிமைகளுக்குப் பங்கமின்றி, வாயில் கொள்கை அளவில் திறக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது.”

ஆண்டனி ராஜ் இதைச் சமையல்கட்டுக்கு எடுத்துப் போய் வாசித்துக் காட்டினார். மதலேனாள் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

“கொள்கை அளவுன்னா எம்புட்டு அகலம் சார்? நா நொழஞ்சிருவனா?”

8

எல்லாம் இத்துடன் முடிந்திருக்கும். ஜோஷ்வாதான் கெடுத்தான். தீர்மானம் போதாது, இடமும் நேரமும் பதிவாகிற போட்டோ வேண்டும், திறந்த கேட் வழியாகப் பயனாளி நடந்து வர வேண்டும் என்றான்.

ஆக, வியாழக்கிழமை காலையில் கேட் திறந்தது. யார் முதலில் திறப்பது என்ற சிக்கலை வைகுண்டராஜே தீர்த்துவைத்தார்: ஒன், டூ, த்ரீ என்றதும் இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் திரும்பின. கல்லூரி வரலாற்றில் இரண்டு சேவைப் பிரிவுகள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். ஆய்வகத்து வினோத்ராஜ் படம் எடுத்தான். மதலேனாள் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். வைகுண்டராஜ் டெல்லிக்காரர்களை வரவேற்க முன்வாசலுக்கு விரைந்தார்.

மதலேனாள் கேட்டின் நடுவில், கதவு உருள்கிற தண்டவாளத்தின் மேல், நல்ல முட்டியை மடக்கி வலிக்கிற முட்டியை நீட்டி, உட்கார்ந்துவிட்டார்.

“எந்திரிங்கம்மா, சாத்தணும்” என்றார் வீரபாண்டி.

“தீத்து வச்சாச்சுன்னு எழுதிட்டீகள்ல?”

“எழுதியாச்சு.”

“தீத்து வச்ச கேட்ட எதுக்குய்யா சாத்துறீக?”

வீரபாண்டி ஜேசுராஜைப் பார்த்தார். ஜேசுராஜ் குரலைத் தணித்து, “ஆத்தா, அவுக வந்துட்டாக. நீங்க வேணா நாளைக்கு வந்து உக்காருங்க” என்றார். ஆண்டனி ராஜ் வேலியோர வாழையில் புள்ளி தேடப் போய்விட்டார். ஒருங்கிணைப்பாளர் ஒருங்கிணைக்காமல் இருப்பதே சில நேரங்களில் உதவி.

9

முடிவுகள் கைவசம் சில உண்டு.

டெல்லிக் குழு பின்பக்கம் நடந்து வருகிறது, வியக்கிறது, கேட் என்றென்றைக்கும் திறந்துவிடுகிறது. [இதை விளம்பரத் துறைக்குக் கொடுத்துவிடலாம்.]

ஒச்சாண்டிக்குப் போன் போகிறது. அன்று மாலையே மதலேனாளுக்கு வேலை இல்லை. இதுதான் நடக்கக்கூடியது. எழுதியும் பார்த்தேன்: “ஒச்சாண்டி வண்டியை நிறுத்திவிட்டு—” அதற்கு மேல் போக மனமில்லை.

கேட்டை ஆராய ஒரு துணைக்குழு. இதை நான் எழுதுவதற்குள் அவர்களே அமைத்துவிடுவார்கள்.

இதற்கிடையில் ஒன்று உறுத்துகிறது. ஒரு குறை வேண்டும், அது பக்கம் முடிவதற்குள் தீர்ந்துவிட வேண்டும் என்று அலைந்தது ஆண்டனி ராஜ் மட்டுமா? கதைக்காரனுக்கும் அதே மார்க்தான். மதலேனாளை எழுப்பிவிட்டால் எனக்கும் வேலை முடிந்துவிடும். ‘அவர் எழுந்தார்’ என்று எழுதினேன். அடித்தேன். ‘முட்டியைப் பிடித்தபடி மெல்ல எழுந்தார்’ என்று எழுதினேன். அதையும் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் உட்கார்ந்தேதான் இருக்கிறார், முந்தானையால் விசிறிக்கொள்கிறார், ‘சோத்துக்கு உலை வைக்கணும், சீக்கிரம் சொல்லுங்க’ என்று என்னையும் சேர்த்துப் பார்க்கிறார்.

வாசகரே, பூட்டுகள் தயாராக இருக்கின்றன. சாவிக்காரர்கள் இருவரும் அதிசயமாக ஒரே கருத்தில் நிற்கிறார்கள். உங்களுக்கு இந்தக் கதை முடிந்தாக வேண்டும் என்றால், கேட்டைச் சாத்தித்தான் முடிக்க வேண்டும். அதற்கு அந்த அம்மாவை யாராவது எழுந்திருக்கச் சொல்ல வேண்டும்.

நான் சொல்ல மாட்டேன். நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.