முப்பத்தோராம் நாளுக்கு ஒரு கன்ட்ரி பாட்டு

என் மனைவி சாருஜாவின் முப்பத்தோராம் நாள் காரியம் ஞாயிற்றுக்கிழமை. லவாலில் மண்டபம் எடுத்திருந்தோம். சாப்பாட்டுக்கு முன் இறந்தவரின் படங்களைத் திரையில் ஓடவிடுவது இங்கே வழக்கம். பின்னால் பெரும்பாலும் வீணை ஒலிக்கும். சாருஜாவுக்கு வீணை பிடிக்காது. பாட்டை நான் தேர்ந்தெடுத்தேன்.

சனி மத்தியானம் அவளுடைய தம்பி டினோஜன், நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். ரொறன்ரோவுக்கு ட்ரக் ஓடுகிறவன். அவளுடைய சிறுவயதுப் படங்களைக் கொண்டுவந்திருந்தான். மடிக்கணினியில் காணொளியை ஓடவிட்டேன். அரை நிமிடம் கேட்டான்.

“ஆருக்கு அத்தான் தடிமன்? மூக்கடைச்சவன் மாதிரிப் பாடுறான்.”

“இது ஆல்ட்-கன்ட்ரி. அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு, மினுக்காதது. அவளுக்குப் பிடிச்ச பாட்டு.”

“உங்களுக்குப் பிடிச்ச பாட்டு.”

தன் போனில் ஒன்றைப் போட்டான். இப்போது வானொலியில் ஓயாமல் ஓடும் கன்ட்ரி. கணினியில் செய்த மேளம், ட்ரக், பியர், வெள்ளிக்கிழமை. பாடுகிறவனின் குரலைத் தேய்த்து மினுக்கியிருந்தார்கள்.

“அக்காவுக்கு இதுதான் பிடிக்கும்,” என்றான்.

“இது பாட்டில்லை, பியர் விளம்பரம். அந்தக் கவ்போய்த் தொப்பியைக் கழட்டினால் உள்ளுக்கை ஒண்டுமில்லை.”

“உங்கட ஆள் மட்டும்? கம்பஸிலை படிச்சு முடிச்சுப்போட்டு, பழைய உடுப்புக் கடையிலை பண்ணைக்காரன்ர சட்டை வாங்கிப் போட்டிருக்கிறான். மாட்டைக் கண்டால் ஓடுவான்.”

“அவன் குரல் உடையிற இடத்திலை உடைய விடுறான். பொய் இல்லை.”

“சுருதி பிடிபடேல்லை எண்டு சொல்லுங்கோ. இவன் ட்ரக்கைப் பற்றிப் பாடுறான். நான் ட்ரக் ஓடுறன். இதிலை என்ன பொய்?”

“ட்ரக் ஓடினால் பாட்டுக் கேக்கிற காது வந்திடுமே?”

“படிச்சு உங்களுக்கு வந்ததோ?”

சமையலறையிலிருந்து மாமி, சாருஜாவின் அம்மா, எட்டிப் பார்த்தார். “வீணையைப் போடுங்கோவன். ஒருத்தருக்கும் நோகாது.”

“வேண்டாம்,” என்றோம் இருவரும். அன்று நாங்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

“நாலு வருசம் அவளோடை இருந்தனான்,” என்றேன். “அவள் என்ன கேட்பாள் எண்டு எனக்குத் தெரியும். இந்தக் குப்பையைப் போட்டு அவளை அனுப்ப ஏலாது.”

அவன் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து எதையோ தேடினான். ஒரு குரல்பதிவை அழுத்தினான்.

கார் ஓடும் சத்தம். சிக்னல் போட்டிருந்த டிக் டிக். அதே பாட்டு. அதற்கு மேலே சாருஜா தொண்டை கிழியப் பாடினாள். மேல் சுரத்தில் ஏறும்போது குரல் வழுக்கியது. சிரித்தாள்.

“டினோ, காலமையிலேருந்து இதுதான் ஓடுது. அத்தானுக்குச் சொல்லிப்போடாதை. ஒரு கிழமைக்கு வகுப்பெடுப்பார்.”

பதினாறு விநாடி. சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

என்னுடன் காரில் வரும்போது நான் போட்டதைத்தான் கேட்பாள். நல்லா இருக்கு என்பாள். நான் நம்பினேன்.

“இன்னொருக்காப் போடு,” என்றேன்.

“ஏன்? பியர் விளம்பரமெல்லோ.”

“போடடா.”

போடவில்லை. போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

“இப்பிடி எத்தினை இருக்கு?”

“கனக்க.”

என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் இருந்தவர்கள். பால் வாங்கு, முட்டை முடிஞ்சுது, எத்தனை மணிக்கு வருவாய் என்று எழுத்தில் அனுப்பிக்கொண்டோம். ஒரு மாதமாக அவள் குரலை நான் கேட்டிருக்கவில்லை.

“எல்லாத்தையும் எனக்கு அனுப்பு.”

“பாட்டை மாத்துங்கோ. அனுப்புறன்.”

“பேரம் பேசுறியோ?”

“ஓம்.”

அவன் பார்த்துக்கொண்டிருக்க மாற்றினேன். என் போன் பத்தொன்பது தடவை அதிர்ந்தது. ஒன்றையும் அவன் முன்னால் திறக்கவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, போறன் என்று சொல்லாமல் போனான்.

ஞாயிற்றுக்கிழமை விளக்கை அணைத்தார்கள். பாட்டுத் தொடங்கியதும் தலைகள் திரும்பின. முன்வரிசையில் இருந்த சிவானந்தம் மாமா என் பக்கம் சரிந்தார்.

“என்ன தம்பி, பேர்த்டே பார்ட்டிப் பாட்டு மாதிரிக் கிடக்கு?”

“அவளுக்குப் பிடிச்சது, மாமா.”

டினோஜன் என் கதிரைக்குப் பின்னால் நின்றான். “இப்ப தெரியுதே?” என்றான்.

“மேளம் இப்பவும் பொய்தான்.”

“உங்கட ஆளுக்கு இப்பவும் தடிமன்தான்.”

திரையில் சாருஜா ரொக்ஸ்பரோவில் பனிக்குள் விழுந்து கிடந்தாள். அந்தப் பதினாறு விநாடியை இரவிலிருந்து நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். அவள் குரல் வழுக்கிய இடம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். காத்திருந்தேன்.

வந்தது. பாடகன் சரியாக ஏறினான். கொஞ்சமும் வழுக்கவில்லை. அதற்காகவே அவனை இன்னும் வெறுத்தேன்.