மெஷின் எண்ணெய் குடித்த படகு

1

இந்தக் கதை ஒரு பெயிண்ட் கடையில் எனக்குக் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மனசாட்சி உறுத்தக் கூடாது.

வீட்டு ஜன்னலுக்கு வார்னிஷ் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், மரப்படகுக்கு எதைப் பூசலாம் என்று கடைக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் சளைக்காமல் சொன்னார். பெயிண்ட் என்றால் வெகுநாள் உழைக்கும், ஆனால் மரம் தெரியாது. வார்னிஷ் என்றால் மரம் தெரியும், ஆனால் வெயில் பட்டுப் பட்டு வெடிக்கும், வருஷா வருஷம் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் பூசினால் மரம் மூச்சு விடும், ஆனால் அடிக்கடி பூசிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"பென்சில்ல எழுதினது தெரியணும்."

கடைக்காரருக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அவள் ஒரு சின்ன டின் வார்னிஷ் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்திருக்கிறாள். நான் கண்டது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கங்கள்:

[கடல் அன்று அமைதியாக இருந்தது.] அடித்துவிட்டேன். படகுக் கதையைக் கடலில் தொடங்குவது சோம்பேறித்தனம். இந்தப் படகு இன்னும் தண்ணீரையே பார்த்ததில்லை.

[அவளுடைய விரல்களில் எப்போதும் எண்ணெய் வாசம். அந்த வாசம் அவளுக்கு] இதை முடிக்கவில்லை. ஆனால் எண்ணெயை வைத்துக்கொண்டேன், பிறகு உதவியது.

[தம்பி செத்து ஒரு வருஷம் ஆகிறது.] இதுதான் உண்மையான முதல் வரி. இவ்வளவு நேரம் இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

3

அவள் தையல்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தச்சன், கதவும் நிலையும் செய்து பிழைத்தவன். அவளைவிட ஆறு வயது இளையவன். கணக்குக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் போட்ட கூட்டலையெல்லாம் அவள்தான் திருத்திக் கொடுத்தாள். வளர்ந்து உளி பிடித்த பிறகும் மரம் வாங்கும் முன் சீட்டை அக்காவிடம் நீட்டுவான். அவள் உச்சுக் கொட்டிக்கொண்டே திருத்துவாள். வேறு விதமாகக் கொஞ்சிக்கொள்ள அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

படகை மட்டும் அவன் அவளிடம் கேட்காமல் கட்டினான். தையல் கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமைகளில், நான்கு வருஷம். இரண்டு பேர் உட்காரும் படகு. முடிந்ததும் காட்டினான். அவள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். தொழில் புத்தி விடுமா? உட்காரும் பலகைகள் இரண்டுக்கும் நடுவில் ஓர் அங்குலச் சந்து இருப்பதைக் கண்டுபிடித்து, அதில் விரலை விட்டுக் காட்டினாள்.

"தண்ணி வடியறதுக்குக்கா," என்றான் தம்பி, முகம் மாறாமல்.

அந்த மாதமே காய்ச்சல் வந்தது. மூன்று வாரம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மழை முடிந்ததும் வார்னிஷ் அடித்துப் படகைத் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும். அவள் சரி என்றாள்.

மழைக்காலம் வந்தது. பூச்சில்லாத மரம் வெடித்துவிடுமோ, ஈரம் ஏறிவிடுமோ என்று அவளுக்குப் பயம். வார்னிஷ் எதற்கு, எப்படி என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. தெரிந்ததைச் செய்தாள். துரு பிடிக்காமல், தேயாமல், சத்தம் போடாமல் முப்பது வருஷம் ஒரு பொருளைக் காப்பாற்றியது எதுவோ, அதை எடுத்தாள். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய். வெட்டுத் துணியில் நனைத்து, தினமும் கடையடைத்த பிறகு, பலகை பலகையாகத் தேய்த்தாள். மரம் மடமடவென்று குடித்தது. அதைப் பார்க்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது. சாப்பிடாமல் கிடந்தவன் சாப்பிடுகிற மாதிரி.

அப்படித் தேய்க்கும்போதுதான் ஒருநாள் உட்காரும் பலகைக்குக் கீழே குனிந்தாள். அடிப்பலகையில் தச்சுப் பென்சிலால், அழுத்தி, அவன் எழுத்தில்:

7 + 8 = 16

(இந்த இடத்தில் பத்திரிகையில் பிழை திருத்தும் அம்மா ஓரத்தில் பென்சிலால் 15 என்று எழுதி அனுப்பியிருக்கிறார். நன்றி அம்மா. கொஞ்சம் பொறுங்கள்.)

ஏழு அங்குலம் ஒரு பலகை, எட்டு அங்குலம் இன்னொன்று. பதினாறு என்று கூட்டி இடம் வெட்டியிருக்கிறான். தண்ணீர் வடிவதற்காம். அவள் கொட்டகையில் தனியாகச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகவும் இல்லை.

4

படகுக்கு வார்னிஷ் அடிக்க வருகிற வார்னிஷ்காரரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. கதைக்கு ஓர் ஆள் குறைகிறது என்பதற்காக வந்தவர். முதல் பிரதியில் அவருக்குத் தையல்காரி மேல் ஒரு கண் என்றுகூட எழுதினேன். [அவர் தூரிகையை நனைக்கும்போதெல்லாம் அவள்] வேண்டாம். தம்பியின் நண்பர், நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், அது போதும்.

அவர் வந்து ஓரமாக ஒரு கை அகலத்துக்கு வார்னிஷ் பூசிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்துத் தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினார், பூச்சு பாலாடை போல் உரிந்து வந்தது. விரலை முகர்ந்து பார்த்தார்.

"இதுல என்னத்தையாவது தடவுனீங்களாக்கா?"

"மெஷின் எண்ணெய்."

"எத்தனை நாளா?"

"அவன் போனதிலிருந்து. தினமும்."

அவர் வெகுநேரம் படகைச் சுற்றி வந்தார். திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த எண்ணெய் காயவே காயாது, அதன்மேல் வார்னிஷும் பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது, ஆளிவிதை எண்ணெய்கூட உறையாது என்று மெதுவாகச் சொன்னார். பூச்சில்லாமல் தண்ணீரில் இறக்கினால் இரண்டு வருஷத்தில் உளுத்துவிடும். ஒரே வழி, தின்னர் போட்டுத் துடைத்து, உள்ளும் புறமும் மேல்மரத்தை இழைத்து எடுப்பது. அதிகமில்லை, ஒரு நூல் ஆழம், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

பென்சில் எழுத்துக்கு ஒரு நூல் ஆழம் கிடையாது. அது தையல்காரிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒழுங்காகச் சும்மா இருந்திருந்தால் எழுத்தின் மேலேயே கண்ணாடி மாதிரி வார்னிஷ் பூசியிருக்கலாம். காப்பாற்றுகிறேன் என்று அவளே அழித்துவிட்டாள். இதை எப்படி மென்மையாகச் சொல்வது என்று நான்கு நாள் யோசித்தேன். மென்மையாகச் சொல்ல வழியில்லை.

5

உங்கள் கேள்விகள் எனக்குக் கேட்கின்றன.

அந்த ஒரு பலகையை மட்டும் இழைக்காமல் விடலாமே? அவளும் அதைத்தான் கேட்டாள். உள்ளே தேங்குகிற தண்ணீர் முதலில் வந்து நிற்பதே அங்கேதான். "தண்ணி ஏற ஒரு பலகை போதும்க்கா," என்றார் வார்னிஷ்காரர்.

பலகையைக் கழற்றிவிட்டு வேறு போட்டால்? அப்போது அது அவன் கட்டிய படகு இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

போனில் படம் எடுத்துக்கொள்ளலாமே? எடுத்தாள். விரல் வைத்தால் கண்ணாடிதான் தட்டுப்பட்டது. அவன் அழுத்தி எழுதிய பள்ளம் இல்லை.

கடைசியில் தனக்குத் தெரிந்த வழிக்கே வந்தாள். துணி வெட்ட அளவு வரையும் மெல்லிய தாளை எடுத்து வந்து பலகைகளின் மேல் விரித்தாள். எண்ணெய் பட்டதும் தாள் கண்ணாடியாகிவிட்டது. அடியில் இருக்கும் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அவன் குறித்து வைத்த எண்கள், அம்புக்குறிகள், சுழித்த சுழிகள் எல்லாவற்றின் மேலும் பென்சிலை ஓட்டி, கண்ணும் கருத்துமாக நகலெடுத்தாள். மத்தியானம் முழுக்க ஆனது. எல்லாம் முடித்து, உட்காரும் பலகைக்கு அடியில் புகுந்து, அந்தக் கணக்கையும் எழுதி, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

7 + 8 = 15

படகில் பதினாறு. தாளில் பதினைந்து. முப்பது வருஷம் திருத்திப் பழகிய கை, அவளைக் கேட்காமலே திருத்திவிட்டது. அவள் படகுக்குள்ளேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

(எனக்கும் ஒரு தம்பி இருந்தான். அவன் கடிதங்களைக் கையில் பேனாவோடுதான் படிப்பேன். அவன் கடைசியாக எழுதிய)

6

முடிவுகள்:

ஒன்று. வார்னிஷ்காரர் சந்தில் விரலை விட்டுக் காட்டி, "எழுத்துதான் போகும்க்கா, கணக்கு படகுக்குள்ளயே இருக்கு," என்கிறார். இந்த வசனத்தை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கத் தலைகால் புரியாமல் இருந்தேன். மறுநாள் அடித்துவிட்டேன். துக்க வீட்டில் யாரும் இவ்வளவு அழகாகப் பேசுவதில்லை. அப்படியே பேசினாலும் கேட்பவருக்கு ஆறுவதில்லை.

இரண்டு. படகைக் கொட்டகையிலேயே வைத்துக்கொள்கிறாள். தினமும் எண்ணெய் தேய்க்கிறாள். இதை எழுதும்போது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று. இதில்தான் நிற்கிறேன். முன்பக்கத்திலிருந்து இழைத்துக்கொண்டே வந்த வார்னிஷ்காரர், உட்காரும் பலகைக்கு அடியில் அந்தக் கணக்குக்கு ஒரு சாண் முன்னால் இழைப்புளியை நிறுத்துகிறார். நிமிர்ந்து பார்க்கிறார். "அக்கா?" என்று மட்டும் கேட்கிறார். அவள் சந்தில் விரலை விட்டபடி நிற்கிறாள்.

அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் என் கையும் திருத்திவிடும். அவளுக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்ல வேண்டாம்.

பிழை திருத்தும் அம்மாவுக்கு: இரண்டாம் முறையும் அந்த இடத்தில் வட்டமிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். சரியாகத்தான் சொல்கிறீர்கள். உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே பதினாறு என்றே இருக்கட்டும்.