கோளாறு இல்லாத வண்டி

கண்ணாடிக்காரரின் கார் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முழுசாகக் குணமாகிவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாரத்தில் ஆறு நாள் இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்கின்மேல் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்பதுதான் தொழில். கடைக்கு லீவு சனிக்கிழமை. நாலு வருஷத்துக்கு முன்னால் மனைவி பிரிந்து போனபோது, வீட்டில் உருப்படியாக இருந்த சாமான்களையெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டு போனாள். அப்போதுதான் வாங்கியிருந்த புதுக் காரை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். அவள் எப்போதுமே விவரமானவள். ஆக, சனிக்கிழமைகளில் அவருக்கு மிஞ்சியது அந்தக் கார் ஒன்றுதான். நல்லவேளையாக அது ஓயாமல் பழுதானது.

பழுதாகும் வண்டிகளுக்காகக் கம்பெனி ஊருக்கு வெளியே, பைபாஸ் ரோட்டில், பஸ் நிற்காத இடமாகப் பார்த்து ஒரு சர்வீஸ் சென்டர் கட்டியிருந்தது. காத்திருக்கும் அறையில் இரும்பு நாற்காலிகள், ஊமையாக்கப்பட்ட டிவி, டிவியில் அதே காரின் விளம்பரம். மூலையில் ஒரு காபி மெஷின். அதன்மேல் ‘பழுது’ என்று எழுதி ஒட்டிய தாள். மெஷினின் வாரன்ட்டி முடிந்துவிட்டதாம். இந்த அறையில்தான், ஒரே மாடல் காரை வாங்கி மோசம்போன ஐந்து பேர் இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் பத்து மணிக்குக் கூடினார்கள். ஒருவர் கண்ணாடிக்காரர். மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர். எதையும் சதவீதத்தில் சொல்லும் கணக்கு டீச்சர், எதற்கும் கோபப்படும் பேக்கரிக்காரர், கடைசியாக எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைக்கும் கோர்ட் குமாஸ்தா.

கவுண்டரில் இருப்பவருக்கு இவர்கள் வைத்த பெயர் ‘பார்க்கலாம்’. பிரேக் பிடிக்கவில்லை என்றாலும் பின்கதவு திறக்கவில்லை என்றாலும் அவர் சொல்கிற பதில் அது ஒன்றுதான். வண்டி உள்ளே போகும். ‘சோதித்தோம், கோளாறு தென்படவில்லை’ என்ற சீட்டோடு வெளியே வரும். அதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிடும். அந்த மூன்று மணி நேரத்தில் கூட்டம் நடக்கும்.

கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொருவரும் அந்த வாரத்துக் கோளாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். போன வாரம் சொன்னதையே சொல்லக்கூடாது. கேட்டவர்கள் ‘எனக்கும் இருக்கு’ அல்லது ‘எனக்கு இல்லை’ என்று சொல்வார்கள். குமாஸ்தா எழுதிக்கொள்வார். கோளாறு இல்லாதவருக்கு நாற்காலி இல்லை. ஆரம்பத்தில் ஆறாவதாக ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவருடைய வண்டியில் கியர் பெட்டியை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை கேக் வாங்கி வந்து கொடுத்துவிட்டுக் கைகூப்பி விடைபெற்றார். அதற்குப் பிறகு அவர் பேச்சை யாரும் எடுத்ததில்லை. எடுத்தாலும் ‘குணமானவர்’ என்று, செத்தவரைச் சொல்வதுபோல் தணிந்த குரலில்தான் சொன்னார்கள்.

ஆகவே, வண்டி குணமானது கண்ணாடிக்காரருக்கு நல்ல செய்தியாக இல்லை. அந்த நாற்காலியை விட்டால் சனிக்கிழமையில் போய் உட்கார அவருக்கு வேறு இடம் கிடையாது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காரை மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிப் பார்த்தார். ஒரு முனகல்கூட இல்லை.

சனிக்கிழமை அவர் முறை வந்தது.

“ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங் லேசா நடுங்குது. காலையில, இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி மட்டும்.”

யாரும் போய்ச் சோதிக்க முடியாத கோளாறாகப் பார்த்துத்தான் சொன்னார். நாலு பேரும் தங்களுக்கு இல்லை என்றார்கள். குமாஸ்தா எழுதிக்கொண்டார். நாற்காலி தப்பியது.

அடுத்த வாரம் டாக்டரம்மா வந்ததும் வராததுமாக, “சார், நீங்க சொன்னது வாஸ்தவம். எனக்கும் நடுங்குது” என்றார்.

டீச்சர் பத்துத் தடவை ரிவர்ஸ் எடுத்துப் பார்த்ததில் நாலு தடவை நடுங்கியதாம். “நாற்பது சதவீதம்” என்றார். பேக்கரிக்காரருக்கு நூறு சதவீதம். போதாததற்கு, நடுங்கும்போது ஹாரன் வேறு தானாக அடித்ததாம். அதற்கடுத்த வாரம் குமாஸ்தாவின் வண்டியும் நடுங்கியது. கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போய் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்ததா, இல்லை, உட்கார்ந்ததாகச் சொன்னதற்கே விழுந்துவிட்டதா என்று அவருக்கு விளங்கவில்லை.

குமாஸ்தா கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். பதினேழு பத்தி. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ‘இக்கோளாறை முதன்முதலில் கண்டறிந்தவர்’ என்று கண்ணாடிக்காரரைப் பற்றி ஒரு பத்தி முழுக்க இருந்தது. அதைப் படித்தபோது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மனுஷ ஜென்மம் அப்படித்தான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கண்ணாடிக்காரர் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. அவருடையது எட்டு மாதம் ஓடியது. எட்டாவது மாதக் கடைசியில் கம்பெனி பதில் போட்டது. ஆராய்ந்து பார்த்ததில், ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு போல்ட் தரம் குறைந்தது என்று தெரியவந்ததாம். பதினோராயிரம் வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றித் தருகிறார்களாம். வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை அறையில் கல்யாணக் களை. பேக்கரிக்காரர் முதல்முறையாகச் சிரித்தார். பழக்கமில்லாத வேலை என்பது பார்த்தாலே தெரிந்தது. ‘பார்க்கலாம்’ ஒவ்வொருவருடைய வண்டி எண்ணையும் கம்ப்யூட்டரில் தட்டினார். டாக்டரம்மா வண்டி பட்டியலில் இருந்தது. டீச்சர், குமாஸ்தா, பேக்கரிக்காரர், மூவருடையதும் இருந்தது.

“சார், உங்க வண்டி இல்லையே” என்றார் கண்ணாடிக்காரரிடம். “அந்த போல்ட்டைப் போட ஆரம்பிச்சதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே உங்க வண்டி ஃபேக்டரியை விட்டு வெளியே வந்துடுச்சு. உங்களுது பழைய போல்ட். நல்ல போல்ட்.”

அறை கொதித்தது. கோளாறைக் கண்டுபிடித்தவருக்கே இல்லையா? குமாஸ்தா அங்கேயே பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்தார். தன் வண்டியில் ஸ்டியரிங் நடுங்குவது உண்மை என்று கண்ணாடிக்காரர் உறுதிமொழி கொடுக்க வேண்டும், சாட்சி ஒருவர் வேண்டும், அவ்வளவுதான், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

“சாட்சி நான் போடறேன்” என்றார் டாக்டரம்மா. “போன மாசம் இவர் வண்டியில வந்தேனே. ரிவர்ஸ் எடுத்தப்போ நடுங்கிச்சு. என் கண்ணால பார்த்தேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. நடுங்குவதாக நினைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். கண்ணாடிக்காரர் தன் தொழிலில் இதைத் தினமும் பார்ப்பவர். வெறும் கண்ணாடியைப் போட்டுவிட்டு ‘இப்ப எப்படி’ என்று கேட்டால் பத்தில் மூன்று பேர் நன்றாகத் தெரிகிறது என்பார்கள். டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றிவிட்டார். கண்ணாடிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“போடாதீங்க டாக்டரம்மா. என் வண்டியில ஒண்ணும் இல்லை.”

“என்ன இல்லை?”

“ஒரு கோளாறும் இல்லை. எட்டு மாசமா நல்லா ஓடுது. ஸ்டியரிங் நடுங்கறதா சொன்னது, அதுக்கப்புறம் வாராவாரம் சொன்னது எல்லாமே சும்மா.”

டிவியில் கார் சத்தமில்லாமல் ஒரு மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

“எதுக்கு சார் அப்படிச் சொன்னீங்க?” என்றார் டீச்சர்.

“சனிக்கிழமை வேற போக்கிடம் இல்லை.”

பேக்கரிக்காரர் எழுந்துவிட்டார். “நாங்க வண்டி கெட்டு வயித்தெரிச்சல்ல வர்றோம். நீங்க பொழுதுபோக வந்தீங்களா? எங்களைப் பார்த்தா சினிமா மாதிரி இருக்கா?”

“ஆனா நம்ம போல்ட் நிஜம்தானே” என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். “அவர் பொய் சொன்னதாலதான் அது வெளியே வந்தது. இதை எந்தக் கணக்குல சேர்க்கறதுன்னு எனக்குத் தெரியலை.”

குமாஸ்தா முத்திரைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு நோட்டைத் திறந்து, பழைய பக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். கண்ணாடிக்காரர் எழுந்து கைகூப்பினார். பதிலுக்கு யாரும் கைகூப்பவில்லை. கேக் வாங்கி வந்திருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டி வெண்ணெய்போல் ஓடியது. அவருக்கு அழுகை வந்தது. இரண்டு இடத்தில் ஓரங்கட்டி நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அவர் வீட்டில் இருந்த எல்லாக் கண்ணாடிகளையும் துடைத்து முடித்துவிட்டார். ஜன்னல், அலமாரி, சுவர்க்கடிகாரம் உட்பட. மீதி நாள் அப்படியே முழுசாக முன்னால் உட்கார்ந்திருந்தது. ஒன்பதே காலுக்கு போன் அடித்தது. டாக்டரம்மா.

“சார், எங்க நாலு வண்டியையும் திங்கட்கிழமையே உள்ளே வாங்கிட்டாங்க. புது போல்ட் இன்னும் வரலையாம். இன்னிக்குப் போய் நாலு வார்த்தை கேட்கணும். அங்க பஸ்ஸும் போகாது.”

“சரி டாக்டரம்மா.”

“ஒழுங்கா ஓடற வண்டி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.” இதை அவர் குற்றமாகச் சொன்னாரா, கெஞ்சிக் கேட்டாரா என்று குரலில் தெரியவில்லை.

கண்ணாடிக்காரர் வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொண்டார். டாக்டரம்மா முன்னால். பின்னால் டீச்சர், குமாஸ்தா, இரண்டு பேருக்கும் நடுவில் பேக்கரிக்காரர். பேக்கரிக்காரர் தன் சரக்கைத் தானே ருசி பார்க்கிறவர், தேகம் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கும். ஊர் எல்லை வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“ஏசி நல்லாத்தான் இருக்கு” என்றார் பேக்கரிக்காரர் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு.

பைபாஸில் திரும்பியதும் ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியது. பின்பக்கம் அடியிலிருந்து ‘கர்ரக்’ என்று ஒரு சத்தம் வந்தது.

ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“கேட்டுச்சா?” என்றார் டாக்டரம்மா.

“எனக்குக் கேட்டுச்சு” என்றார் டீச்சர்.

“எனக்கும் இருக்கு” என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார் குமாஸ்தா.

கண்ணாடிக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். அவருக்கும்தான் கேட்டது. ஆனால் தன் காதை நம்ப அவருக்குப் பயமாக இருந்தது. கேட்க வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்படுகிறவனுக்குக் கேட்காமல் எப்படி இருக்கும்? எல்லாரையும் இறக்கிவிட்டு, திருப்பிக் கொண்டுபோய்த் தனியாகத் தடைமேல் ஏற்றி இறக்கினார். சத்தம் இல்லை. டாக்டரம்மாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். இல்லை. டீச்சரும் ஏறினார். இல்லை. குமாஸ்தாவும் ஏறினார்.

“இப்ப?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர். கடையில் கேட்கும் அதே குரல்தான்.

“இல்லை.”

ரோட்டோரத்தில் பேக்கரிக்காரர் ஒருவர் மட்டும் வெயிலில் நின்றார். அவரும் வந்து நடுவில் நெருக்கி உட்கார்ந்தார். வண்டி தடைமேல் ஏறியது.

‘கர்ரக்.’

“இப்ப இருக்கு” என்றார்கள் நாலு பேரும்.

சந்தேகமே இல்லை. நல்ல, கெட்டியான, யார் காதிலும் விழக்கூடிய கோளாறு. கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எட்டு மாதமாக ஏங்கிக் கிடந்தது இதற்காகத்தான். கண் மங்கிப்போய், கொஞ்ச நேரம் வண்டியை எடுக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

சர்வீஸ் சென்டரில் ‘பார்க்கலாம்’ வண்டியைத் தான் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “சத்தம் ஒண்ணும் வரலையே சார்.”

“தனியாப் போனா வராது” என்றார் குமாஸ்தா. “எழுதிக்கோங்க. ஐந்து பேர் ஏறினால் மட்டும்.”

“எந்த ஐந்து பேரா இருந்தாலுமா?”

குமாஸ்தா மற்றவர்களைப் பார்த்தார். டீச்சர் யோசித்துவிட்டு, இதுவரை சோதித்தது இவர்களை வைத்துத்தான், வேறு ஆளுக்கு உத்தரவாதம் தர முடியாது என்றார். அப்படியே எழுதப்பட்டது.

‘பார்க்கலாம்’ சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். “இன்னிக்கு மெக்கானிக் லீவு. அடுத்த சனிக்கிழமை அவரை வெச்சுக்கிட்டுப் பார்க்கலாம். ஆனா அஞ்சு பேரும் வந்தாகணும். ஒருத்தர் குறைஞ்சாலும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

கண்ணாடிக்காரர் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தலையை நிமிர்த்தி இவர்களிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

“வர்றோம்” என்றார் பேக்கரிக்காரர், கோபமாக. “இவர் எட்டரைக்கே வந்து எங்களை ஏத்திக்கட்டும்.”